அடுத்த வீட்டுக்கு ஒரு லைன்

அந்த அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். கிழக்குச் சுவரை ஒட்டிய இரும்புக் கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து, மூக்கில் குழாயோடு பாலசுப்ரமணியன் சாய்ந்திருந்தார். அவர் காலடியில் ஆக்சிஜன் மிஷின். அதை அடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி லோகநாயகி. மீட்டர் பலகைக்குக் கீழே, பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தும், தரையில் குத்துக்காலிட்டு எலக்ட்ரீஷியன் ஜெரோம். வாசற்படியில் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அடுத்த வீட்டுத் தீனதயாளன். அவன் தோளில் ஓர் ஒயர்ச் சுருள். மணி ஐந்தேகால்.

லோகநாயகி செய்யூர் தாலுகா ஆபீஸ் வாசலில் பதினெட்டு வருஷமாக மனு எழுதுகிறவள். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று தொடங்காமல் அவளுக்கு எதையும் நினைத்துப் பார்க்க வராது. பிற்பாடு இந்த மாலையை மனதுக்குள் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தபோதும் நான்கு பேர் என்றுதான் தொடங்கினாள். ஒவ்வொரு தடவையும் மூன்றாவது ஆளிடம் வந்ததும் எழுத்து நின்றுவிடும்.

புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கடப்பாக்கத்தில் கடலோரத் தெரு முழுக்க ஜனங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். பாலசுப்ரமணியனை நகர்த்த முடியாது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடியது. இரண்டு நாள் ஓட்டிய சிலிண்டர்கள் தீர்ந்து, கடைசியாகக் கையிலிருந்த சிறியது அரை மணி நேரம் தாங்கும். அதற்குமேல் அந்த மிஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு.

"இங்க பாருக்கா," என்றான் ஜெரோம். பல்லில் டெஸ்டரைக் கடித்துக்கொண்டே பேசுவது அவன் பழக்கம். "கைப்பிடி மேல இருந்தா ஈ.பி. கரண்டு. கீழ இருந்தா ஜெனரேட்டரு. ரெண்டும் ஒண்ணாச் சேரவே சேராது, அதுக்குத்தான் இந்தப் பொட்டி. ஒரே வூட்ல ரெண்டு மருமவன் சாப்புட உக்கார முடியுமா? ஒருத்தன் எழுந்தாதான் இன்னொருத்தன்."

பாலசுப்ரமணியன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பானது.

"சிரிக்க வெக்காதடா அவர," என்றாள் லோகநாயகி.

"சரி சரி. மேல ஒரு செவப்பு பல்பு வெச்சிகீறன். அது எரிஞ்சா கம்பத்துல கரண்டு வந்துடுச்சின்னு அர்த்தம். மொதல்ல ஜெனரேட்டர நிறுத்து, அப்புறம் கைப்பிடிய மேல தள்ளு. ஜெனரேட்டரு கெணத்தாண்ட, வெளியதான் இருக்கணும். மழ வருதுன்னு உள்ள இழுத்தியானா அந்தப் பொகையே ரெண்டு பேரையும் தூங்க வெச்சிடும். எப்பனா மூச்சு வாங்கிச்சின்னா லீவர ஒரு நூல் முன்னால தள்ளு. அவ்ளோதான்."

"டேய் ஜெரோம், அப்படியே நமக்கும் ஒரு லைன் குடேன்," என்று தீனதயாளன் தோளிலிருந்த சுருளை இறக்கினான்.

ஜெரோம் அதை எடுத்துப் பார்த்தான். ஒயரின் இரண்டு முனையிலும் பிளக். "இன்னாண்ணா இது, ரெண்டு தலப் பாம்பு?"

"திருவிழான்னா நாம எப்டி இழுக்கறோம்? இவங்க வூட்டு பிளக்குல ஒண்ணு, எங்க வூட்டு பிளக்குல ஒண்ணு. வூடு மொத்தமும் எரியும்."

"எரியும். கம்பமும் சேந்து எரியும். ஃபேன் வோணும்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸு வெச்சி ஃபேன மட்டும் சொருவு. வூட்டு ஒயருக்குள்ள உடாத. உட்டா உங்க மெயின் வழியா ரிட்டன் அடிச்சி லைனுக்குப் போயிடும். இப்ப லைன்ல ஏறப்போறது யாரு தெரிமா? நானு. லைன்மேன் ஏசுபாதம் அண்ணன் ஒத்த ஆளா அல்லாடிகினு கீறாரு, கூட வாடான்னாரு."

"நீ ஏறினா கம்பமே சாஞ்சிடும், போ மச்சான்."

ஜெரோமும் சிரித்துவிட்டு எழுந்தான். சுவரில் பட்ட தன் தோள் அழுக்கைத் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டு, வாசல் வழியாக இறங்காமல் கொல்லை வழியாகவே போனான். ஐந்து நாற்பது.

தீனதயாளன் போகவில்லை. "அண்ணி," என்றான். குரல் இறங்கியிருந்தது. "பள்ளிக்கூடத்துல கொயந்தைய கொசு தின்னுது. காயத்ரி ரெண்டு நாளா தூங்கல. இப்ப போயி இட்டுகினு வந்துடறேன். ஒரு லைன், அண்ணி."

ஜெனரேட்டரைச் செய்யூர் பந்தல் கடையிலிருந்து ஏற்றி வந்தது அவனுடைய லோடு ஆட்டோதான். வழியில் சாய்ந்து கிடந்த இரண்டு சவுக்கு மரத்தை அவன்தான் வெட்டித் தள்ளினான். அந்தத் தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடினாலும் அடுத்த வீட்டுக்கு ஒரு லைன் போகும். கேட்டு இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. சொன்னால், அப்புறம் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"உங்க மெயின ஆஃப் பண்ணிட்டியா?"

"கைப்பிடிய கீழ இழுத்து உட்டுட்டுதான் வரேன், அண்ணி."

அவள் போய்ப் பார்க்கவில்லை. பத்தடி தூரம்தான். ஜன்னல் வழியாக ஒயர் போயிற்று. இந்தப் பக்கம் ஒரு பிளக், அந்தப் பக்கம் ஒரு பிளக். தீனதயாளன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினான். ஆறு மணி ஐந்து நிமிஷம்.

இருட்டு கடல் பக்கமிருந்து மெதுவாக ஏறி வந்தது. ஒடிந்த சவுக்கின் பச்சை வாசனையும் எங்கோ ஒதுங்கி அழுகிய மீனின் வாடையும் பெட்ரோல் நெடியும் ஒன்றாகக் குழைந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தன. தவளைகள் கத்தின, அலை இன்னும் புயலின் கோபம் அடங்காமல் அடித்தது, இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிணற்றடியில் ஜெனரேட்டர் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த லோகநாயகிக்கு, இரண்டு நாளில் முதல்முறையாகக் கண் செருகியது.

அப்போது உறுமல் இறங்கியது.

நிற்கவில்லை. கனமான எதையோ யாரோ அதன் கழுத்தில் கட்டியதுபோல் ஒரு கணம் தாழ்ந்து, மறுபடி ஏறியது. டியூப்லைட் மஞ்சளாகிப் பின் வெளுத்தது. அவள் நிமிர்ந்தாள். ஒன்றுமில்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும்.

மறுபடி இறங்கியது. இந்த முறை எண்ணினாள். பதினொன்று எண்ணியதும் மீண்டும் ஓர் இறக்கம். இன்னொரு பதினொன்று. இன்னொன்று. ஆக்சிஜன் மிஷின் கீச்சென்று கூவியது. பாலசுப்ரமணியன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். உதட்டோரம் நீலம் பாரித்திருந்தது.

"இன்னா லோகு?"

"ஒண்ணுமில்ல. நான் பாக்கறேன்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். தகரக் கொட்டகைக்குக் கீழே மிஷின் நடுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு வலி கண்டதுபோல் அது தாழ்ந்து தாழ்ந்து முனகியது. ஜெரோம் காட்டிய லீவரைப் பெருவிரலால் ஒரு நூல் முன்னால் தள்ளினாள். சத்தம் நிமிர்ந்தது. உள்ளே ஆக்சிஜன் மிஷின் கூவுவது நின்றது. அப்பாடா என்று திரும்பி நான்கு அடி வைத்திருப்பாள். பதினொன்று. இறக்கம். இன்னும் ஒரு நூல் தள்ளினாள். அப்போது தெருக்கோடிப் பக்கம் ஏதோ ஒரு சத்தம் கேட்டதுபோல் இருந்தது. ஆள் குரலா, தகரம் காற்றில் உரசுவதா, தெரியவில்லை. நின்று கேட்டாள். ஜெனரேட்டர் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை லீவரை அதன் எல்லை மட்டும் தள்ளிவிட்டாள்.

உள்ளே வந்தபோது மீட்டர் பலகை மேலே சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் வந்துவிட்டது! வாயைத் திறந்து சொல்லியேவிட்டாள். "வந்துடுச்சிங்க!" ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும், கைப்பிடியை மேலே தள்ள வேண்டும். கையை நீட்டினாள். பல்பு நல்ல சிவப்பாக இல்லை. அடுப்பில் சாம்பல் மூடிய கங்கு நிறம். புயலுக்குப் பின்னால் லோ வோல்டேஜாகத்தான் வரும். சரிதான். அப்படித்தான் இருக்கும்.

வெளியே உறுமல் தாழ்ந்தது.

சிவப்பு பல்பும் கூடவே தாழ்ந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. உறுமல் தாழ, பல்பு தாழ, டியூப்லைட் தாழ. மூன்றும் ஒன்றாக. ஒரே மூச்சாக.

ஜன்னலுக்குப் போனாள். தீனதயாளனின் பூட்டிய வீட்டுக்குள் விளக்கு. அது சரி. அதற்கடுத்த வீடு, பள்ளிக்கூடத்துக்குப் போன ராஜாராம் குடும்பத்தின் வீடு. அதன் வாசல் பல்பும் எரிந்தது. மங்கலாக. அதற்கடுத்த வீட்டு மாடியில் ஒன்று. எதிர்சாரியில் முனியம்மா வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒன்று. ஆளில்லாத தெரு முழுக்க, புயல் அன்று அணைக்காமல் விட்டுப் போன அத்தனை விளக்கும் கங்கு நிறத்தில் கண்ணைத் திறந்து, ஒன்றாக இமைத்துக்கொண்டிருந்தன.

ஈ.பி. வரவில்லை.

அவள் மிஷின்தான். அவள் தள்ளிய லீவர்தான். சுற்றிக்கொண்டு வந்து அவள் வீட்டு பல்பையே எரிக்கிறது.

கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டேன் என்றானே தீனதயாளன். அந்தக் கைப்பிடி. உப்புக்காற்று தின்று மூன்று வருஷமாகிறது. உள்ளே ஒயரை நேராக முறுக்கிக் கட்டிவிட்டேன், கைப்பிடி சும்மா அழகுக்கு என்று அவனே இந்த அறையில் உட்கார்ந்து சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்தாள்.

ஜன்னலோர பிளக்கைப் பிடித்தாள். பதற்றத்தில் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். பிடுங்கினாள்.

தெரு கண்ணை மூடியது.

ஜெனரேட்டர் துள்ளிப் பாய்ந்து உச்சத்தில் பாடியது. டியூப்லைட் பால் போல் வெளுத்தது. ஆக்சிஜன் மிஷின் புஸ், புஸ் என்று ஒழுங்காக ஓடியது. பாலசுப்ரமணியனின் உதட்டில் நிறம் திரும்பியது. "ம்," என்றார். "இப்ப நல்லா கீது." ஆறு ஐம்பது.

தெருக்கோடியில் ஏசுபாதம் கத்த ஆரம்பித்தார்.

ஏழாவது கம்பம். கம்பி எடுத்துவர மெயின்ரோட்டு டிரான்ஸ்பார்மருக்குப் போய்த் திரும்பியவர், டார்ச்சை மேலே அடித்தபடி நின்றிருந்தார். இடுப்புக் கயிற்றில் ஜெரோம் பின்னால் மடிந்து தொங்கினான். பல்லுக்கு நடுவே டெஸ்டர் இருந்தது. கடித்த கடியில் அதன் கைப்பிடி இரண்டாகப் பிளந்திருந்தது.

"ஃப்யூஸ நானே புடுங்கினேனே," என்று ஏசுபாதம் மூக்கைச் சிந்தினார். "இந்தத் தெருவுல ஒரே ஜெனரேட்டருதான், அத நானே கட்டினேன், பயமில்ல ஏறலாம்னு இவன்தான் சொன்னான். ஆறு பத்துக்கு ஏறினான். தொட்டதும் போயிருப்பான், பாவம். ஒரு நிமிசம்கூட ஆயிருக்காது."

லோகநாயகி மனதுக்குள் கணக்குப் போட்டாள். பதினொன்றுக்கு ஒரு தடவையாக நாற்பது நிமிஷம். ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காது. அப்படியானால் மீதி நேரம் கம்பியின் அந்த முனையில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது எது?

மூன்று நாள் போயிற்று. ஜெரோமை அடக்கம் செய்தாயிற்று. தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. தரைப்பாலம் இன்னும் முங்கியே கிடந்தது. தீனதயாளன் ஒயரைத் துண்டு துண்டாக வெட்டிக் கடலில் போட்டுவிட்டு வந்து, வாசற்படியில் நின்றான்.

"நாளைக்கு விசாரிக்க வராங்களாம், அண்ணி. லைன் குடுத்தோம்னு தெரிஞ்சா மொதல்ல ஜெனரேட்டர தூக்கிப்பாங்க. அப்புறம் அண்ணாத்த எத்தினி மணி நேரம் தாங்குவாரு? நீயே சொல்லு. குடிச்சிட்டு ஏறினான்னு ரெண்டு பேராண்ட சொல்லி வெச்சிகீறன். நீ ஒண்ணும் பேச வோணாம். பேசாம இருந்தா போதும்."

கட்டிலில் பாலசுப்ரமணியன் நன்றாகத் தூங்கினார். அது இன்னொரு விஷயம். அந்த மாலைக்குப் பிறகு ஜெனரேட்டர் ஒரு தடவைகூடத் தாழவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பெட்ரோல் ஊற்ற வேண்டிய மிஷின் அது; இப்போது காலையில் ஊற்றினால் மறுநாள் காலையிலும் டாங்கியில் பாதி இருந்தது. அவள் குச்சி விட்டு அளந்து பார்த்தாள். மறுபடி அளந்து பார்த்தாள். பிறகு அளப்பதை நிறுத்திவிட்டாள்.

மத்தியானம் ஜெரோமின் அம்மா சந்திரம்மா வந்தாள். கூட ஏசுபாதம்; அவர் வாசலிலேயே பைக்கில் உட்கார்ந்துகொண்டார். சந்திரம்மா உள்ளே வந்து, நாற்காலியைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

"எய்தணும்மா," என்றாள். "எனுக்குக் கை நாட்டுதான். என் புள்ள குடிச்சிட்டு ஏறினான்னு சொல்றாங்கோ. அவன் தொடவே மாட்டான், உனுக்கே தெரியும். எந்த வூட்லந்தோ கரண்ட உட்டு அவன கொன்னுட்டாங்கோ. அத தாசில்தாருக்கு எய்து. எந்த வூடுன்னு பாத்துச் சொல்லட்டும். வேற ஒண்ணும் வோணாம் எனுக்கு."

லோகநாயகி பேனாவைத் திறந்தாள். அனுப்புநர். பெறுநர். ஐயா. கை தன் பாட்டுக்கு எழுதியது. பதினெட்டு வருஷத்துக் கை. மேற்படி தேதியில் என் மகன் ஜெரோம் மது அருந்திய நிலையில், யாரும் சொல்லாமல் தானாகவே மின்கம்பத்தில் ஏறி, தன் கவனக்குறைவால் இறந்துபோனான் என்றும், இது குறித்து யார் மீதும் எனக்குப் புகாரோ சந்தேகமோ இல்லை என்றும், மேல் விசாரணை எதுவும் வேண்டாம் என்றும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கட்டிலில் புஸ், புஸ் என்று சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. ஒரு அடித்தல் இல்லை. ஒரு திருத்தல் இல்லை.

"படிச்சிக் காட்டும்மா."

காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் படித்தாள். என் மகன் மது அருந்தும் பழக்கம் இல்லாதவன் என்று படித்தாள். யாரோ ஒரு வீட்டார் செய்த தவறால் என்று படித்தாள். தக்க விசாரணை செய்து என்று படித்தாள். குரல் நடுங்கவில்லை. சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"நல்லா எய்திகீற. அவன் எப்பவும் சொல்லுவான், அக்கா எய்துனா கல்லுகூட கேக்கும்னு."

மை தடவிய கட்டைவிரலை லோகநாயகி பிடித்து, காட்டிய இடத்தில் வைத்து அழுத்தினாள். ரேகை தெளிவாக விழுந்தது. காகிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசையைச் சந்திரம்மாவே நாக்கால் ஈரப்படுத்தி, உள்ளங்கையால் மூன்று தரம் தேய்த்து ஒட்டி, உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசலுக்குப் போய் ஏசுபாதத்திடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டார்.

சந்திரம்மா பைக்கில் ஏறவில்லை. "நீ போயி குடுத்துடுப்பா. என் புள்ள கடேசியா கை வெச்ச மிஷினு. பாத்துட்டு வரேன்."

"அங்க இன்னா கீது சந்திரம்மா, சூடா இருக்கும், கிட்ட போவாத," என்றாள் லோகநாயகி. சந்திரம்மா அதற்குள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். இவளும் பின்னால் போனாள்.

கிணற்றடியில் சந்திரம்மா முழங்காலிட்டிருந்தாள். கொதிக்கிற மிஷினின் மேல் உள்ளங்கை. கையை எடுக்கவில்லை. கன்னத்தைச் சாய்த்து, காது வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். தோல் கருகும் வாடை வந்தது. அவள் முகத்தில் வலி இல்லை.

"கீறியாடா கண்ணு," என்றாள்.

மிஷின் தாழ்ந்தது. ஏறியது.

"ஆமாப்பா. எய்தியாச்சி. நானே ஒட்டினேன்."

தாழ்ந்தது. ஏறியது.

வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. தெருவில் திரும்பியது. தேய்ந்தது. கடிதம் போய்விட்டது. லீவரை எட்டி மிஷினை நிறுத்திவிடலாம் என்று லோகநாயகியின் கை எழுந்தது. ஜன்னலுக்குள் புஸ், புஸ் என்று அவர் மூச்சு கேட்டது. கை கீழே விழுந்தது.

"இன்னாப்பா சொல்ற?" சந்திரம்மா இன்னும் அழுத்திக் காதை வைத்தாள். "வேற எய்தியிருக்குதா? யாரு?"

கன்னத்தை மிஷினிலிருந்து எடுக்காமலே கண்ணைத் திறந்தாள். அந்தக் கண் மெதுவாக நகர்ந்து வந்து லோகநாயகியின் மேல் நின்றது.

"இவங்களா?"